இரண்டு தகடுகள்

என் வீட்டுக்கு எண்கள் இரண்டு.
சிவப்புத் தகட்டில் 874:
இந்த வட்டாரத்தின் பதிவேட்டில்
எண்ணூற்று எழுபத்து நான்காவதாக ஏறிய கட்டடம்.
நீலத் தகட்டில் 9:
தெருமுனையிலிருந்து நடந்து வருகிறவர்களுக்காக.
சிவப்பு 873 பக்கத்து வீடு அல்ல,
ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் பேக்கரி.
ப்ராக் நகரத்தில் இதற்கு யாரும் புருவம் உயர்த்துவதில்லை,
புதிதாகச் சேர்ந்த கூரியர் பையன்களைத் தவிர.

கார்லீனில், என் மேசைக்கு இரண்டு தளம் கீழே
ஓர் இயந்திரம்.
இரண்டு சில்லு, சில்லுக்கு நாற்பத்தெட்டு கோர்,
கோருக்கு இரண்டு இழை.
பெருக்கிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர்.
இரும்பு அவர்களுக்கு இட்ட எண் ஒன்று,
கெர்னல் கூப்பிடும் எண் வேறு.

இரும்பின் கணக்கில்
முதல் சில்லு தொண்ணூற்றைந்தில் முடியும்,
அடுத்தது நூற்றிருபத்தெட்டில் தொடங்கும்.
நடுவே முப்பத்திரண்டு காலி மனை.
அங்கே யாரும் குடிவரப்போவதில்லை.
கெர்னலுக்குக் காலி மனை ஆகாது.
ஃபர்ம்வேர் நீட்டுகிற பட்டியலை வாங்கி
இருப்பவர்களை மட்டும் நெருக்கி உட்காரவைத்து
இடைவெளி விடாமல் எண்ணும்.

பத்தும் பதினொன்றும் ஓரடுப்புக் குடித்தனம்.
ஒருத்தி உலை வைத்தால் மற்றவள் காத்திருக்க வேண்டும்.
கெர்னல் வாயில் அவர்கள்
ஐந்து, நூற்றொன்று.
எண்ணைப் பார்த்து உறவு சொல்ல முடியாது.

பூஜ்ஜியம் மட்டும் எண்ணல்ல, பதவி.
மின்சாரம் வந்ததும் முதலில் கண் திறப்பவன்.
மற்றவர்கள் கதவை
ஒவ்வொன்றாகத் தட்டுகிறவன்.

பிப்ரவரி. அதிகாலை இரண்டே கால்.
அறுபத்தொன்று விழுந்தது.
(இரும்பில் அதன் பெயர் நூற்றைம்பத்து நான்கு.)
விழுந்த இடத்திலேயே,
இதற்கென்றே ஒதுக்கியிருந்த சிறு நினைவகத்தில்
இன்னொரு கெர்னல் எழுந்தது,
செத்ததன் கடைசி வார்த்தைகளை எழுதிவைக்க.
சுற்றும் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை.
விழித்திருப்பது நான் மட்டும்,
ஆகவே நானே பூஜ்ஜியம்.

அதில் பொய் இல்லை. சட்டம் அப்படித்தான்.
பிறகு மற்றவர்களை எழுப்பக் கிளம்பியது,
முதல் கதவிலேயே
பழைய பூஜ்ஜியத்தைத் தட்டியது.
பழைய பூஜ்ஜியத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
தன்னை எழுப்பினால் உலகம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
தொடங்கியது.
திரை கறுத்தது. மின்விசிறிகள் அலறின.
எழுதியது எல்லாம் போயிற்று.

நான்கு முறை இப்படி.
ஐந்தாவதுக்கு முன் ஹினெக் கேட்டான்:
"த்ரஹோமீரா, பொஹுமிலைக் கூப்பிடலாமா?"
பொஹுமில் இந்தக் குழுவைத் தொடங்கியவர்.
ஜனவரி முதல் ஷுமாவா காட்டில், மருத்துவர் சொன்ன ஓய்வில்.
வந்தால் கோட்டைக் கழற்றும் முன்பே சொல்வார்:
எல்லாவற்றையும் அழி, முதலிலிருந்து.
ஹினெக்கும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
சிரிப்பு வந்தது,
வந்த வேகத்தில் நின்றும் போனது.

மருந்து ஒரே வரி:
பூஜ்ஜியத்தை எழுப்பாதே.
எந்தப் பூஜ்ஜியம்?
முதலில் நான் கெர்னலின் எண்ணை எழுதிவிட்டேன்;
அது தன்னையே குறிக்கும் என்பது உறைக்க
இரண்டு காப்பி ஆயிற்று.
அழித்துவிட்டு இரும்பின் எண்ணை எழுதினேன்.
அச்சில் இரண்டும் ஒரே வட்டம்.

நூற்றுத் தொண்ணூற்றொரு பேர் எழுந்தார்கள்.
ஒருவன் தூங்கினான்.
கடைசி வார்த்தைகள் கோப்பில் இறங்கி முடிந்தபோது மணி ஐந்து,
ஜன்னலில் முதல் டிராமின் நீலப் பொறி.

வீட்டு வாசலில் ஒரு பையன் பொட்டலத்தோடு நின்றான்.
"ஒன்பது இதுதானா? 874 என்று போட்டிருக்கிறதே?"
இதுதான் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.
படியேறும்போது போன் அதிர்ந்தது. பொஹுமில்:
இரவு ஏதாவது?

நடந்ததை எல்லாம் தட்டினேன்.
அழித்தேன்.
ஒன்றுமில்லை, தூங்குங்கள்
என்று அனுப்பிவிட்டு
சாவியைத் தேடினேன்.